திரையும் தரையும்: கௌபாய் படங்களில் வராத தங்கவயல்

விடிகாலை ஐந்து மணிக்கு ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்க்கலாம். சில பஸ்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு. சில பஸ்கள் ஆந்திர எல்லையைத் தாண்டி, சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டிக்கு. கழுத்தில் ஐடி கார்டு, தோளில் சாப்பாட்டுப் பை. ஏறி உட்கார்ந்ததும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மீதிப் பேர் கையில் போன். அதில் ரீல்ஸ் ஓடும், பாட்டு ஓடும், எப்போதாவது ஒரு பழைய கௌபாய் படத்தின் துண்டும் ஓடும். தொப்பி, குதிரை, தூசி பறக்கும் ஒற்றைத் தெரு, இடுப்பில் துப்பாக்கி, மலை இடுக்கில் ஒளிந்திருக்கும் தங்கம்.

அந்தப் படங்கள் நடக்கும் இடத்துக்கும் ஊத்துக்கோட்டைக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டுமே எல்லை. ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் அடுத்தது ஆந்திராவின் சுருட்டப்பள்ளி, சிவன் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கும் ஊர். கடைப் பலகையில் இரண்டு மொழி, வீட்டில் இரண்டு மொழி, சினிமாவிலும் இரண்டு மொழி. இந்த எல்லைக்கோடே ஒரு காலத்தில் இங்கே இல்லை. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, அதுவரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. கோடுதான் நகர்ந்தது, மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

எல்லைப்புறத்துக்குப் பிழைப்புத் தேடிப் போகிறவர்களின் கதைதான் கௌபாய் படங்களின் கதையும். ஆனால் அதில் யார் கதை வருகிறது, யார் கதை வருவதில்லை என்பதுதான் இந்த வாரம் பார்க்க வேண்டிய விஷயம். பதில் தேட அமெரிக்கா வரை போகலாம். திரும்பி வரும்போது கோலாரில் இறங்க வேண்டியிருக்கும்.

மெட்ராஸில் ஓடிய குதிரை

நம் ஊருக்குக் கௌபாய் புதிதில்லை. 1969-ல் வந்த 'மெக்கன்னாஸ் கோல்ட்' இந்தியாவில் பெரிய வெற்றி. கிரிகரி பெக், ஓமர் ஷெரீஃப் நடித்த அந்தப் படம் தியேட்டர்களில் திரும்பத் திரும்ப வந்தது. மலைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் தங்கப் பள்ளத்தாக்கைத் தேடி நல்லவனும் கெட்டவனும் சேர்ந்து போவதுதான் கதை.

அந்த அலையில் 1971-ல் தெலுங்கில் கிருஷ்ணா நடித்த 'மோசகாள்ளகு மோசகாடு' வந்தது. ராஜஸ்தான் பாலைவனத்தில் குதிரைகள் ஓடின. 1972-ல் ஜெய்சங்கர் நடித்து, கர்ணன் இயக்கிய 'கங்கா' வந்தது. அதன் பிறகு ஜெய்சங்கர் தமிழின் கௌபாய் ஆகிப்போனார். 2010-ல் சிம்புதேவன் எடுத்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' படத்தில் ஓர் ஊருக்கே ஜெய்சங்கர் பெயரை வைத்திருப்பார்கள்.

தியேட்டர் இல்லாத ஊருக்கு காமிக்ஸ் போனது. சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ்களில் டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சித்தப்பா மாதிரி. டைகரின் 'தங்கக் கல்லறை' கதையைப் படித்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. தங்கம் என்பது ஒரு மனிதன் தேடிப் போய் எடுக்கும் பொருள். கையில் ஒரு வரைபடம், ஒரு மண்வெட்டி, ஒரு துப்பாக்கி இருந்தால் போதும். மெக்கன்னா படத்தின் கடைசியில் அவனுக்கே தெரியாமல் அவன் ஏறிப் போகும் குதிரையின் பையில் தங்கம் இருக்கும். அந்தக் குதிரைப் பையை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

கலிஃபோர்னியாவில் நடந்தது

1848 ஜனவரி 24. கலிஃபோர்னியாவில் கொலோமா என்ற இடத்தில் ஜான் சட்டர் என்பவருக்காக மரம் அறுக்கும் மில் கட்டிக்கொண்டிருந்தார் ஜேம்ஸ் மார்ஷல். தண்ணீர் ஓடும் கால்வாயில் மஞ்சளாக ஏதோ மின்னியது. செய்தி பரவியதும் அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் பேர் அங்கே வந்து குவிந்தார்கள். 1849-ல் வந்தவர்களுக்கு 'நாற்பத்தொன்பதுகாரர்கள்' என்றே பெயர்.

முதல் ஓரிரண்டு வருஷம் படத்தில் வருவது போலத்தான் இருந்தது. ஆற்றில் தட்டை வைத்து மண்ணை அலசினால் தங்கத் துகள் அடியில் தங்கும். தங்கம் மண்ணைவிடப் பல மடங்கு கனம் என்பதால் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகும், தங்கம் நின்றுவிடும். இதற்கு முதலாளி வேண்டாம், மெஷின் வேண்டாம்.

ஆற்று மண்ணில் இருந்த தங்கம் சீக்கிரம் தீர்ந்தது. மீதி மலைக்குள் பாறையில் இருந்தது. பாறையை உடைக்க வெடி வேண்டும், அரைக்க மெஷின் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். பணம் உள்ளவர்கள் கம்பெனி தொடங்கினார்கள். தட்டோடு வந்தவன் அந்தக் கம்பெனியில் தினக்கூலி ஆனான். பீரங்கி மாதிரி குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி மலைகளையே கரைத்தார்கள். அந்தச் சேறு ஆறுகளை மூடி, கீழே இருந்த விவசாயிகளின் நிலத்தை நாசம் செய்தது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1884-ல் சேற்றை ஆற்றில் விடக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்து இயக்கிய 'பேல் ரைடர்' (1985) படத்தில் இந்தத் தண்ணீர் பீரங்கியைப் பார்க்கலாம். கம்பெனிக்கும் தட்டு அலசும் ஏழைகளுக்கும் நடக்கும் சண்டைதான் அந்தப் படம்.

யார் பணக்காரர் ஆனார்கள்? மார்ஷல் ஏழையாகச் செத்தார். சட்டரின் நிலத்தை வந்தவர்கள் ஆக்கிரமித்தார்கள், அவர் கடைசி வரை நஷ்டஈடு கேட்டு அலைந்தார். மண்வெட்டியும் தட்டும் விற்ற சாம் பிரன்னன் பெரும் பணக்காரர் ஆனார். 1853-ல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்து துணி வியாபாரம் செய்த லெவி ஸ்ட்ராஸ், தையல்காரர் ஜேக்கப் டேவிஸோடு சேர்ந்து 1873-ல் செப்பு ரிவெட் அடித்த கால்சட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். பாக்கெட் கிழியாமல் உழைக்க வேண்டிய கூலிக்காரர்களுக்காகத் தைத்தது அது. இன்று நம் வீட்டுக் கொடியில் காயும் ஜீன்ஸ் அதன் பேரப்பிள்ளை.

படங்களில் குதிரையில் கத்திக்கொண்டு வந்து சுடப்பட்டு விழும் செவ்விந்தியர்கள் நிஜத்தில் என்ன ஆனார்கள்? தங்கம் கிடைத்தபோது கலிஃபோர்னியாவில் அவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். சுமார் 25 வருஷத்தில் 30,000 பேர்தான் மிஞ்சினார்கள். நோய், பட்டினி, கொலை. அவர்களைப் பிடித்து வேலைக்கு அடைத்து வைக்க 1850-ல் சட்டமே இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த சுரங்கக்காரர்களுக்கு அதே ஆண்டு மாதம் 20 டாலர் வரி போட்டார்கள். மெக்சிகோ, சிலி நாட்டுக்காரர்களைத் துரத்தவே அந்த வரி. பிறகு அது சீனர்கள் மேல் திரும்பியது.

துப்பாக்கிச் சண்டை? படங்களில் புகழ்பெற்ற ஓ.கே. கோரல் சண்டை 1881 அக்டோபர் 26-ல் டூம்ஸ்டோன் என்ற வெள்ளிச் சுரங்க ஊரில் நடந்தது. மொத்தம் சுமார் 30 விநாடி. அந்தச் சண்டைக்கு உடனடிக் காரணமே, ஊருக்குள் துப்பாக்கி எடுத்துவரக் கூடாது என்ற ஊர்ச் சட்டம்தான்.

நீலகிரியில் ஒரு தங்கப் பைத்தியம்

அமெரிக்கக் கதை போதும். இதே மாதிரி ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஊட்டிக்கு டூர் போகிறவர்கள் கூடலூர் வழியாக வயநாடு போவார்களே, அந்தப் பாதைப் பக்கம் இருக்கும் தேவாலாவும் பந்தலூரும்தான் அந்த இடம்.

அங்கே ஓடைகளில் தங்கம் அலசி எடுப்பது பழங்குடி மக்களுக்குப் பழைய வேலை. 1870-களில் வெள்ளைக்காரர்கள் அதில் மூக்கை நுழைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையில் இருந்த ராபர்ட் பிரோ ஸ்மித்தை 1879-ல் ஆங்கில அரசு வரவழைத்தது. இங்கே நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று அவர் அறிக்கை கொடுத்தார். லண்டன் ஷேர் மார்க்கெட்டில் தீப்பிடித்தது. ஓரிரு வருஷத்துக்குள் சுமார் 40 கம்பெனிகள் முளைத்தன. இலை நோயால் காபி பாழாகி, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த எஸ்டேட்காரர்கள், தங்கம் இருக்கும் நிலம் என்று சொல்லித் தங்கள் தோட்டங்களைக் கொள்ளை விலைக்கு விற்றுத் தப்பித்தார்கள். காட்டுக்கு நடுவே பந்தலூர் ஒரு கௌபாய் ஊர் மாதிரி எழுந்தது.

பாறையை அரைத்துப் பார்த்தபோது செலவுக்குக்கூடக் கட்டவில்லை. சில வருஷத்தில் எல்லாம் காலி. இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்துக் கிடந்தன. பிறகு அந்த மலைகளில் தேயிலை வந்தது. நூறு வருஷம் கழித்து, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள் இதே கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டார்கள். ஷேர் வாங்கியவர்கள் லண்டனில் நஷ்டப்பட்டார்கள். மண்ணில் வேலை செய்தவர்கள் அடுத்த வேலைக்குப் போனார்கள்.

நிஜமான தங்கவயல்

நீலகிரியில் ஏமாற்றிய தங்கம் கோலாரில் ஏமாற்றவில்லை. அந்தக் கதைக்கு ஹாலிவுட் படத்தின் திரைக்கதை மாதிரியே ஒரு தொடக்கம் உண்டு.

1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெஃப்டினன்ட் ஜான் வாரன், மாரிகுப்பம் பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டார். காட்டுகிறவருக்குப் பரிசு என்றார். கிராம மக்கள் மாட்டு வண்டியில் மண் கொண்டுவந்து அவர் கண்முன்னே அலசிக் காட்டினார்கள். தங்கத் துகள் தெரிந்தது. அங்கிருந்த மக்கள் பழைய குழிகளில் இறங்கிக் கல் உடைத்துத் தங்கம் எடுப்பதையும் அவர் எழுதிவைத்தார்.

சுமார் 70 வருஷம் கழித்து அந்தக் குறிப்பு மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் கண்ணில் பட்டது. நியூசிலாந்தில் சண்டைக்குப் போய், அங்கே தங்க வேட்டையைப் பார்த்துவிட்டுப் பெங்களூரில் வந்து தங்கியிருந்த சிப்பாய் அவர். 1871-ல் மாட்டு வண்டியில் கோலாருக்குக் கிளம்பினார். மைசூர் அரசிடம் மனுமேல் மனு போட்டு 1875-ல் உரிமம் வாங்கினார். பெங்களூரில் இன்று ஆடம்பரக் கடைகள் இருக்கும் லாவெல் சாலை அவர் பெயரில் இருப்பதுதான்.

இதுவரைதான் கௌபாய் படம். ஒற்றை ஆள், மாட்டு வண்டி, ஒரு பழைய குறிப்பு. லாவெலிடம் பணம் இல்லை. உரிமம் கைமாறியது. 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. அதன்பிறகு அது கம்பெனியின் கதை.

கம்பெனிக்கு ஆள் வேண்டும். மைசூர் கிராமங்களிலிருந்து சுரங்கத்துக்குள் இறங்க அதிகம் பேர் வரவில்லை. வட ஆர்க்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர்ப் பக்கமிருந்து வந்தார்கள். பெரும்பாலும் தமிழர்கள், அதிலும் பெரும்பாலும் தலித் மக்கள். நிலம் இல்லை, பஞ்சம் துரத்துகிறது, ஊரில் சாதி அழுத்துகிறது. அன்றைய வட ஆர்க்காடு மிகப் பெரிய மாவட்டம். 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை, இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திருத்தணியும் அதற்குள்தான் இருந்தது. தங்கவயலின் கதை ஊத்துக்கோட்டைக்குத் தூரத்துக் கதை இல்லை.

பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டர்

கோலாரில் தங்கம் ஆற்று மணலில் அலசி எடுக்கிற மாதிரி கிடைக்கவில்லை. பாறைக்குள் மெல்லிய இழையாக ஓடியது. அந்த இழையைத் துரத்திக்கொண்டு கீழே கீழே போனார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போய், உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றானது. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். குளிர்ந்த காற்றை உள்ளே அனுப்பியும் வெக்கை அடங்காது. மேலே இருக்கும் பாறையின் எடை தாங்காமல் சுரங்கத்தின் சுவர் திடீரென்று வெடித்துச் சிதறும். பல பேர் அதில் செத்தார்கள். பெரிய வெடிப்பு என்றால் மேலே இருக்கும் வீடுகளும் ஆடும். கீழே இறங்கியவர் திரும்பி வருவாரா என்று வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த ஆட்டத்திலேயே வயிறு கலங்கிவிடும்.

வெடிப்பைவிட அதிகம் பேரைத் தொட்டது தூசி. பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் சிலிகா தூசி நுரையீரலில் படிந்துவிடும். அதற்கு சிலிகோசிஸ் என்று பெயர், வந்தால் போகாது. 1940 முதல் 1946 வரை கோலாரில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். 3,402 பேருக்கு அந்த நோய் இருந்தது. நூற்றுக்கு 43 பேருக்கு மேல். வேட்டையாடப்பட்டது எது என்பதை இந்த எண் சொல்லிவிடும்.

மேலே வேறொரு உலகம். அதிகாரிகளுக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். இதனால் அந்த ஊருக்குக் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர். 1902-ல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கோலாருக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே கரண்ட் வந்தது அதற்குப் பிறகு, 1905-ல். அந்தக் கரண்ட் முதலில் சுரங்கத்துக்கு. தொழிலாளர்கள் வரிசையாகக் கட்டிய சின்னச் சின்ன 'லைன்' வீடுகளில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள்.

ஆனால் இந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. கூலி கையில் வந்ததும் பள்ளிக்கூடம், வாசகசாலை, சங்கம் என்று கட்டினார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய 'தமிழன்' பத்திரிகையை அவர் காலத்துக்குப் பிறகு ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து நடத்தினார். 1930-ல் தொழிலாளர்கள் எல்லோரிடமும் கட்டாயமாகக் கைரேகை எடுக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கௌபாய் படத்தில் ஒரு ஆள் துப்பாக்கியோடு தெருவில் நின்று மானத்தைக் காப்பாற்றுவான். இங்கே மானத்தைக் காப்பாற்ற ஊரே வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தது.

படம் சொல்வதும் நடந்ததும்

2018-ல் வந்த 'கே.ஜி.எஃப்' படத்தைப் பார்த்த பிள்ளைகள் பலர், தங்கவயல் என்றால் ஒரு வில்லன் குடும்பம் துப்பாக்கி முனையில் அடிமைகளை வைத்துத் தோண்டிய இடம் என்று நினைக்கிறார்கள். படத்தில் வரும் நராச்சி கற்பனை ஊர். கதை நடப்பதாகக் காட்டும் 1970-களில் நிஜமான தங்கவயல் அரசாங்கத்தின் கையில் இருந்தது. 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசுக்குப் போனது. 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் ஆனது. அங்கே இருந்தவர்களுக்குச் சம்பளச் சீட்டு இருந்தது, யூனியன் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது. அவையெல்லாம் போராடி வாங்கியவை. ஒற்றை ஹீரோ வந்து கொடுத்தவை இல்லை.

2024 ஆகஸ்ட் 15-ல் வந்த பா.இரஞ்சித்தின் 'தங்கலான்' வேறு பக்கம் போனது. வட ஆர்க்காட்டிலிருந்து வெள்ளைக்காரருடன் தங்கம் தேடிப் போகும் கூட்டத்தின் கதை. விக்ரம் நடித்த அந்தப் பாத்திரமும் மாந்திரீகமும் கற்பனை. ஆனால் யார் போனார்கள், ஏன் போனார்கள் என்பதில் வரலாற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கௌபாய் படத்தில் கூட்டத்தோடு கூட்டமாகச் சுமை தூக்கிக்கொண்டு போகிறவனைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒரு சவரன் கணக்கு

கொஞ்சம் கணக்கு போடலாம். சுமார் 120 வருஷத்தில் கோலாரிலிருந்து எடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல். ஒரு சவரன் 8 கிராம் என்றால், 10 கோடி சவரன். சவரன் என்ற சொல்லே இங்கிலாந்தின் 'சாவரின்' தங்க நாணயத்திலிருந்து வந்ததுதான். கோலார்த் தங்கம் பெரும்பாலும் லண்டனுக்குப் போனது. பெயர் மட்டும் நம் நகைக்கடைக்கு வந்து சேர்ந்தது.

தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையை அரைத்தால் 40 கிராமுக்கு மேல் கிடைத்தது. கடைசிக் காலத்தில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. அதாவது ஒரு சவரனுக்கு இரண்டரை டன்னுக்கு மேல் பாறையை, அதுவும் கிலோமீட்டர் கணக்கில் ஆழத்திலிருந்து மேலே ஏற்ற வேண்டும். செலவு கட்டவில்லை என்று 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள்.

அரைத்த பாறை எங்கே போயிற்று? தங்கத்தைப் பிரிக்க சயனைடு கலந்து அரைத்த பொடி அங்கேயே மலை மலையாகக் குவிந்திருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் 'சயனைடு மேடு' என்பார்கள். 3 கோடி டன்னுக்கு மேல் இருக்கும். காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும், தண்ணீர்க் குடத்தில் விழும். 'கே.ஜி.எஃப்' படப்பிடிப்பு நடந்ததும் அந்த மேடுகளில்தான். திரையில் பிரமாண்டமாகத் தெரியும் அந்த மண், அங்கே இருப்பவர்களுக்கு இருமல்.

சுரங்கம் மூடியபோது வேலை செய்தவர்கள் பாக்கிச் சம்பளத்துக்கும், தாங்கள் பிறந்து வளர்ந்த லைன் வீட்டின் உரிமைக்கும் வருஷக்கணக்கில் மனுப் போட்டார்கள், கோர்ட்டு ஏறினார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று விடிவதற்கு முன்னால் மாரிகுப்பத்தில் ரயில் ஏறுகிறார்கள். சுமார் 100 கிலோமீட்டர் தாண்டிப் பெங்களூரில் வேலை. இரவு திரும்ப அதே ரயில். தாத்தா ஷிப்டுக்குச் சுரங்கத்தில் இறங்கினார், பேத்தி ஷிப்டுக்கு ரயிலில் ஏறுகிறாள்.

குதிரைப் பை

இப்போது மெக்கன்னாவின் குதிரைப் பைக்கு வரலாம். படத்தில் ஹீரோ தங்கத்தைத் தேடவே இல்லை, ஆனாலும் கடைசியில் அவன் பையில் தங்கம் இருக்கும். தங்கவயலில் ஷிப்ட் முடிந்து மேலே வரும் தொழிலாளியை கேட்டில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். துணியில், செருப்பில், சாப்பாட்டுப் பாத்திரத்தில் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் திருட்டு. 10 கோடி சவரனைத் தோண்டி எடுத்தவர்களின் பையில் ஒன்றும் இருக்கவில்லை என்பதற்கு அந்தச் சோதனையே சாட்சி. அவர்கள் நுரையீரலில் இருந்ததை மட்டும் எந்த கேட்டிலும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இதனால் கௌபாய் படம் பார்க்கக் கூடாது என்பதில்லை. நல்ல படங்கள் இந்த உண்மையைத் தங்கள் வழியில் சொல்லியே இருக்கின்றன. அடுத்த விடுமுறையில் வீட்டில் சேர்ந்து பார்க்க மூன்று படங்கள்:

தி கோல்ட் ரஷ் (1925). சாப்ளின். 1896-ல் கனடாவின் க்ளோண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்தபோது பனிமலையில் ஏறிய கூட்டத்தின் கதை. கிளம்பியவர்கள் சுமார் ஒரு லட்சம், போய்ச் சேர்ந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. பசியில் சாப்ளின் ஷூவை வேகவைத்துச் சாப்பிடும் காட்சிக்குக் குழந்தைகள் சிரிப்பார்கள். அந்தப் பசி நிஜம் என்று பெரியவர்கள் சொல்லலாம்.

தி ட்ரெஷர் ஆஃப் தி சியரா மாட்ரே (1948). மூன்று பேர் மெக்சிகோ மலையில் தங்கம் எடுக்கிறார்கள். எடுத்த பிறகு ஒருவரை ஒருவர் நம்ப முடியவில்லை. கடைசியில் தங்கம் என்ன ஆகிறது என்பதைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். பதின்வயதுப் பிள்ளைகளோடு பார்க்கலாம்.

தங்கலான் (2024). வன்முறைக் காட்சிகள் உண்டு, சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். பார்த்து முடித்ததும், வட ஆர்க்காடு, சித்தூர்ப் பக்கம் சொந்தம் இருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். நம்ம குடும்பத்தில் யாராவது கோலாருக்கு வேலைக்குப் போனார்களா?

பல வீடுகளில் பதில் வரும். ஒரு பெரியப்பா, ஒரு தாத்தாவின் தம்பி, போனவர் அங்கேயே தங்கிவிட்டார், அப்புறம் கடிதம் நின்றுபோயிற்று என்கிற மாதிரி. அந்த ஒரு வரியை எழுதிவையுங்கள்.

ஊத்துக்கோட்டையிலிருந்து காலையில் கிளம்பிய கம்பெனி பஸ் இந்நேரம் கேட்டுக்குள் போயிருக்கும். இறங்குகிறவர்கள் போனில் படத்தை நிறுத்திவிட்டு, பையைத் திறந்து செக்யூரிட்டியிடம் காட்டிவிட்டு, பஞ்ச் வைத்து உள்ளே போவார்கள்.